புரொஃபைல் மில்லிங் இயந்திரங்களில் வெட்டு முறுக்குவிசை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வளைந்த பக்கச்சுவர், அச்சுக்குழி, டர்பைன் இறகு, கேம் போன்ற வடிவங்களைப் பின்தொடர்ந்து வெட்டும் புரொஃபைல் மில்லிங்கைச் செய்பவர்கள் முறுக்குவிசை பற்றி எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. ஒப்பிட வசதியாக, பெரும்பாலான விடைகளில் ஒரே எடுத்துக்காட்டு திரும்பத் திரும்ப வரும். 20 மில்லிமீட்டர் விட்டமும் 4 பற்களும் கொண்ட கார்பைடு எண்டு மில் (பக்கத்திலும் நுனியிலும் பற்கள் உள்ள தண்டு வடிவக் கட்டர்) ஒன்று, எஃகுத் துண்டின் பக்கச்சுவரை 10 மில்லிமீட்டர் ஆழத்திலும் 5 மில்லிமீட்டர் அகலத்திலும் வெட்டுகிறது என்பதே அது.

வெட்டு முறுக்குவிசை என்றால் என்ன?

கட்டரின் பல் உலோகத்தில் இறங்கும்போது, அது செல்லும் திசைக்கு எதிராக உலோகம் ஒரு விசையைத் தருகிறது. அந்தத் தொடுகோட்டு விசையைக் கட்டரின் ஆரத்தால் பெருக்கினால் கிடைப்பதே வெட்டு முறுக்குவிசை. பட்டறைப் பேச்சில் இதை ‘டார்க்’ என்றே சொல்வார்கள். 1000 நியூட்டன் விசை 10 மில்லிமீட்டர் ஆரத்தில் செயல்பட்டால் முறுக்குவிசை 10 நியூட்டன் மீட்டர். அதே விசை 40 மில்லிமீட்டர் ஆரத்தில் செயல்பட்டால் 40 நியூட்டன் மீட்டர். ஒரே ஆழத்தில் ஒரே சீவலை எடுத்தாலும், பெரிய கட்டரைப் போட்டவுடன் ஸ்பிண்டில் (கட்டரைப் பிடித்துச் சுழற்றும் தண்டு) திணறுவதற்கு முதல் காரணம் இந்த ஆரம்தான்.

நேர்கோட்டு மில்லிங்கைவிடப் புரொஃபைல் மில்லிங்கில் இதற்கு ஏன் கூடுதல் கவனம் தேவை?

ஒரு தட்டையான முகத்தை மில்லிங் செய்யும்போது கட்டர் உள்ளே நுழைந்து வெளியேறும் வரை வெட்டு அகலம் ஏறத்தாழ மாறாது. வடிவத்தைப் பின்தொடர்ந்து செல்லும் பாதை அப்படியல்ல. வெளிவளைவில் கட்டருக்கும் உலோகத்துக்கும் இடையிலான தொடர்பு குறைகிறது, உள்வளைவில் கூடுகிறது, உள்மூலையில் திடீரென எகிறுகிறது. முந்தைய ரஃபிங் (அதிக உலோகத்தை விரைந்து அகற்றும் முதற்கட்ட வெட்டு) விட்டுச்சென்ற படிகளும் ஒரே அளவில் இருப்பதில்லை.

வார்ப்புருவின் மீது ஸ்டைலஸை ஓடவிட்டு நகலெடுத்த பழைய காப்பி மில்லிங் இயந்திரங்களிலும் இதே சிக்கல் இருந்தது. அங்கே மூலை வருவதைக் கண்ட இயக்குநர் கைப்பிடியை இலேசாகத் தளர்த்துவார். 1952-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் எண்முறைக் கட்டுப்பாட்டு மில்லிங் இயந்திரம் இயக்கிக் காட்டப்பட்ட பிறகு அந்தக் கை மெல்ல மெல்ல விலகியது. நிரலில் எழுதப்படாத வரை, இன்றைய இயந்திரம் மூலைக்காகத் தானாக இரக்கம் காட்டுவதில்லை.

முறுக்குவிசையை எப்படிக் கணக்கிடுவது?

திறனைக் கண்டுபிடித்து, அதிலிருந்து முறுக்குவிசைக்குப் போவது எளிய வழி. முதலில், ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப்பரப்புள்ள சீவலை வெட்ட எவ்வளவு விசை வேண்டும் என்ற அளவு தேவை. இதைத் தன் வெட்டுவிசை என்று வைத்துக்கொள்வோம். இது ஒரு நிலையான எண் அல்ல. சீவல் மெலிய மெலிய இது கூடிக்கொண்டே போகும். இந்த உறவை ஓர் அடுக்குச் சூத்திரமாக ஜெர்மானியப் பொறியாளர் ஓட்டோ கீன்ஸ்லே 1952-இல் வெளியிட்டார். இன்றைய கட்டர் பட்டியல்களில் காணும் எண்கள் பெரும்பாலும் அந்த வடிவத்தில்தான் தரப்படுகின்றன. 1 மில்லிமீட்டர் தடிமனுக்கான மதிப்பைத் தந்து, உண்மையான தடிமனை மைனஸ் 0.25 போன்ற ஓர் அடுக்குக்கு உயர்த்திப் பெருக்கச் சொல்வார்கள்.

நம் எடுத்துக்காட்டில் வெட்டு வேகம் நிமிடத்துக்கு 120 மீட்டர், பல் ஒன்றுக்கான ஃபீட் (ஒவ்வொரு பல்லுக்கும் துண்டு முன்னேறும் தூரம்) 0.1 மில்லிமீட்டர், எஃகின் அடிப்படை மதிப்பு சதுர மில்லிமீட்டருக்கு 1700 நியூட்டன் எனக் கொள்வோம். ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 1910 சுற்றுகளும், மேசை நிமிடத்துக்கு 764 மில்லிமீட்டரும் ஓடும். வெட்டு அகலம் விட்டத்தில் கால் பங்கு என்பதால் ஒவ்வொரு பல்லும் 60 பாகை மட்டுமே உலோகத்துக்குள் இருக்கும். சீவலின் சராசரித் தடிமன் ஏறத்தாழ 0.048 மில்லிமீட்டர். இவ்வளவு மெல்லிய சீவலுக்குத் தன் வெட்டுவிசை 1700-லிருந்து ஏறத்தாழ 3640 ஆக உயர்ந்துவிடுகிறது.

ஆழம் × அகலம் × ஃபீட் × தன் வெட்டுவிசை ÷ 6,00,00,000 என்று கணக்கிட்டால் திறன் கிலோவாட்டில் கிடைக்கும். இங்கே 10 × 5 × 764 × 3640 ÷ 6,00,00,000 = 2.3 கிலோவாட். முறுக்குவிசை = 9550 × கிலோவாட் ÷ நிமிடச் சுற்றுகள்; அதாவது ஏறத்தாழ 11.6 நியூட்டன் மீட்டர்.

அட்டவணையில் உள்ள 1700-ஐ அப்படியே போட்டுக் கணக்கிட்டால் விடை பாதிக்கும் கீழே வந்துவிடும். கணக்குக்கும் இயந்திரத்துக்கும் பொருந்தவில்லை என்று வரும் குறைகளில் பலவற்றுக்கு மூலம் இந்த ஒரு பிழைதான்.

9550 என்ற எண் எங்கிருந்து வந்தது?

திறன் என்பது முறுக்குவிசை × கோண வேகம். கிலோவாட்டை வாட்டாகவும், நிமிடச் சுற்றை நொடிக்கான ரேடியனாகவும் மாற்றினால் 60,000 ÷ 2π என்று வரும்; அது 9549.3. அதை 9550 எனச் சுருக்கிக்கொள்கிறோம்.

கணக்கில் 11.6 வந்தது, கட்டர் உண்மையில் தாங்குவதும் அவ்வளவுதானா?

இல்லை. 11.6 என்பது ஒரு முழுச் சுற்றுக்கான சராசரி. நம் கட்டரில் பற்கள் 90 பாகை இடைவெளியில் உள்ளன; ஒவ்வொரு பல்லும் 60 பாகைதான் வெட்டுகிறது. ஆகவே சுற்றின் மூன்றில் ஒரு பங்கு நேரம் எந்தப் பல்லும் உலோகத்தைத் தொடுவதே இல்லை. அந்த நேரத்தில் முறுக்குவிசை சுழியம். மீதி நேரத்தில் அது ஏறி இறங்குகிறது. சீவல் மிகத் தடிமனாக இருக்கும் இடத்தில் அதன் அளவு 0.087 மில்லிமீட்டர்; அங்கே தொடுகோட்டு விசை 2700 நியூட்டனைத் தொடும், முறுக்குவிசை 27 நியூட்டன் மீட்டர் ஆகும். பல்லின் சாய்வு இல்லாத நேர்ப்பல் கட்டருக்கான கணக்கு இது. சாய்வு இருந்தால் உச்சம் சற்று மழுங்கும். ஆனால் சராசரியைவிட உச்சம் மிகவும் மேலே இருக்கும் என்பது மாறாது.

எனவே எதற்கு எந்த எண் என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மோட்டார் சூடாவதற்குச் சராசரி பொறுப்பு. பல் உடைவதற்கும், தண்டை இறுக்கிப் பிடிக்கும் கோலெட்டில் கட்டர் வழுக்குவதற்கும், சுவரில் அதிர்வுக் கோடு விழுவதற்கும் உச்சம் பொறுப்பு.

நேரான சுவரில் அமைதியாக ஓடும் கட்டர் மூலைக்கு வந்ததும் அலறுகிறதே, ஏன்?

புரொஃபைல் மில்லிங்கில் முறுக்குவிசையைப் பற்றி ஒரே ஒரு விடயத்தைத்தான் தெரிந்துகொள்ள முடியும் என்றால், இதைத் தெரிந்துகொள்ளலாம்.

நம் 20 மில்லிமீட்டர் கட்டர், 10 மில்லிமீட்டர் ஆரமுள்ள 90 பாகை உள்மூலையை நோக்கிப் போகிறது என்று கொள்வோம். மூலையின் ஆரமும் கட்டரின் ஆரமும் ஒன்றே. நேர்ச் சுவரில் 60 பாகையாக இருந்த தொடர்புக் கோணம், மூலையில் மறு சுவரின் உலோகமும் சேர்ந்துகொள்வதால் 150 பாகை ஆகிறது. ஏறத்தாழ முழுப் பள்ளம் வெட்டும் நிலை இது. ஒரு பல் மட்டும் வெட்டிய இடத்தில் இப்போது இரண்டு பற்கள் ஒரே நேரத்தில் வெட்டுகின்றன. ஃபீட் அப்படியே இருந்தால், அகற்றப்படும் உலோகத்தின் அளவு அந்தக் கணத்தில் 3.7 மடங்காகிறது. உச்சச் சீவல் பரப்பு ஏறத்தாழ 1.6 மடங்காகிறது. கட்டரின் நிமிடச் சுற்று மாறவில்லை, நிரலில் ஓர் எண்ணும் மாறவில்லை. மாறியது வடிவம் மட்டுமே.

வேலை முடிந்த துண்டைக் கையில் எடுத்து, விளக்கின் அடியில் மூலையைச் சற்றுச் சாய்த்துப் பாருங்கள். நேர்ச் சுவர் வழவழப்பாக இருக்கும். மூலை தொடங்கும் இடத்தில் செங்குத்தான மெல்லிய கோடுகள் அடுக்கடுக்காகத் தெரியும். நகத்தால் வருடினால் சொரசொரப்பு தட்டும். விசை திடீரென ஏறியதால் கட்டர் வளைந்து அதிரத் தொடங்கிய இடம் அதுதான்.

இதற்கு நல்ல தீர்வு, மூலை ஆரத்தைவிடச் சிறிய கட்டரைத் தேர்ந்தெடுத்து, பாதையையே வட்டமாகத் திருப்புவது. 10 மில்லிமீட்டர் மூலைக்கு 16 மில்லிமீட்டர் கட்டர் போதும். அப்போது கட்டரின் மையமும் 2 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைந்து செல்லும், தொடர்புக் கோணம் படிப்படியாக ஏறும். அது முடியாதபோது, மூலையில் மட்டும் ஃபீட்டைக் குறைக்கும் வசதியை, கட்டர் பாதைக்கு நிரல் எழுதும் கேம் (CAM) மென்பொருளில் பயன்படுத்தலாம். ரஃபிங்கில் டிரோக்காய்டல் பாதை, அதாவது சிறு சிறு வட்டங்களாக முன்னேறும் பாதை, தொடர்புக் கோணத்தை ஓர் எல்லைக்குள்ளேயே வைத்திருக்கிறது. நிரல் முழுவதற்கும் ஃபீட்டைக் குறைத்து ஓட்டுவது மோசமான தீர்வு. சில நொடிகள் நீடிக்கும் மூலைக்காகப் பாதை முழுவதும் நேரத்தை இழக்கிறோம்.

15 கிலோவாட் ஸ்பிண்டில் இருக்கிறது; பிறகும் ஏன் முறுக்குவிசை போதாமல் போகிறது?

பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும் கிலோவாட் எல்லா வேகங்களிலும் கிடைப்பதில்லை. ஸ்பிண்டில் மோட்டாருக்கு ஓர் அடிப்படை வேகம் உண்டு. அதற்குக் கீழே முறுக்குவிசை மாறாமல் இருக்கும், திறன் வேகத்துக்கு ஏற்பக் குறையும். அதற்கு மேலே திறன் மாறாமல் இருக்கும், முறுக்குவிசை குறையும்.

அடிப்படை வேகம் 1500 சுற்றுகள் உள்ள 15 கிலோவாட் மோட்டாரின் முறுக்குவிசை 95.5 நியூட்டன் மீட்டர். 63 மில்லிமீட்டர் கட்டரை நிமிடத்துக்கு 150 மீட்டர் வெட்டு வேகத்தில் ஓட்டினால் சுற்று 758 மட்டுமே. அங்கே கிடைக்கும் திறன் ஏறத்தாழ 7.6 கிலோவாட். பலகையில் பதினைந்து, கையில் ஏழரை. அதே 15 கிலோவாட்டை, அடிப்படை வேகம் 12,000 சுற்றுகள் உள்ள அதிவேக ஸ்பிண்டிலில் வைத்தால் அதன் முறுக்குவிசை 12 நியூட்டன் மீட்டரைத் தொடாது. நம் எளிய எடுத்துக்காட்டே, 20 மில்லிமீட்டர் கட்டரும் 5 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட அந்தச் சாதாரண வெட்டே, அந்த ஸ்பிண்டிலை அதன் விளிம்புக்குக் கொண்டுவந்துவிடும்.

ஸ்பிண்டிலின் வேகம்–முறுக்குவிசை வரைபடத்தில் எஸ்1, எஸ்6 என இரண்டு கோடுகள் இருப்பதையும் கவனிக்க வேண்டும். எஸ்1 இடைவிடாது ஓட்டுவதற்கானது. எஸ்6-40% என்றால் சுழற்சி நேரத்தில் 40 விழுக்காடு மட்டுமே அந்தச் சுமையைத் தாங்கும், மீதி நேரம் சுமையின்றி ஓட வேண்டும் என்று பொருள். விற்பனைத் தாளில் பெரிய எழுத்தில் அச்சிடப்படுவது பெரும்பாலும் எஸ்6 எண்தான். நீண்ட நேரம் ஓடும் அச்சு ரஃபிங்குக்கு எஸ்1 எண்ணைக் கேட்டு வாங்குவது நல்லது.

சுமைமானி 20 விழுக்காடுதான் காட்டியது. பிறகும் கட்டர் உடைந்தது. சுமைமானி பழுதா?

பெரும்பாலும் இல்லை. சுமைமானி (லோடு மீட்டர்) காட்டுவது மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தை, அதுவும் சிறிது நேரத்துக்குச் சராசரியாக்கி. ஒரு பல் உலோகத்தில் இருக்கும் நேரம் நம் எடுத்துக்காட்டில் ஏறத்தாழ 5 மில்லிநொடி. அந்த உச்சம் முள்ளுக்குப் போய்ச் சேர்வதே இல்லை. மேலும், அது ஸ்பிண்டிலின் கொள்ளளவில் எத்தனை விழுக்காடு என்றுதான் சொல்கிறது. கட்டர் எவ்வளவு தாங்கும் என்பது அதற்குத் தெரியாது. 6 மில்லிமீட்டர் எண்டு மில் ஒன்று எஃகில் 6 மில்லிமீட்டர் ஆழமும் 1.5 மில்லிமீட்டர் அகலமும் எடுத்து, பல் ஒன்றுக்கு 0.03 மில்லிமீட்டர் ஃபீட்டில் ஓடினால் 0.6 கிலோவாட்டுக்கும் குறைவாகவே எடுக்கும். 15 கிலோவாட் மானியில் அது 4 விழுக்காடு. அந்தக் கட்டர் உடைந்தாலும் முள் அசையாது.

இருந்தாலும் மானியால் பயன் உண்டு. வெட்டாமல் சுழலும்போது காட்டும் அளவைக் கழித்துவிட்டு, ஒரே வேலையை ஒரே நிரலில் மறுபடி மறுபடி ஓட்டும்போது அளவு எப்படி ஏறுகிறது என்று பார்த்தால் கூர் மழுங்குவது தெரியும். உண்மையான உச்சத்தை அளக்க, சுழலும் ஹோல்டருக்குள் பீசோ மின் உணரிகள் பொருத்திய டைனமோமீட்டர் வேண்டும். அது ஆய்வுக்கூடக் கருவி, அன்றாடக் கருவியல்ல.

உருண்டை முனையுள்ள ‘பால் நோஸ்’ கட்டரில் கணக்கு மாறுமா?

மாறும். உருண்டை முனையில் மேலோட்டமாக வெட்டும்போது முழு விட்டமும் வேலை செய்வதில்லை. 10 மில்லிமீட்டர் பால் நோஸ் 0.5 மில்லிமீட்டர் ஆழத்தில் வெட்டினால், செயல்படும் விட்டம் 4.36 மில்லிமீட்டர் மட்டுமே. ஆரம் சிறியது, சீவலும் சிறியது. ஆகவே பினிஷிங்கில் (இறுதி மெல்லிய வெட்டில்) முறுக்குவிசை மிகச் சிறியது, அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

கவலைப்பட வேண்டியது நுனியைப் பற்றி. சுழல் அச்சில் வெட்டு வேகம் சுழியம். அங்கே பல் வெட்டுவதில்லை, உலோகத்தை அழுத்தித் தேய்க்கிறது. அந்த விசை முறுக்குவிசையாக வெளிப்படாமல் அச்சுத் திசையில் கட்டரைத் தள்ளுகிறது, எனவே ஸ்பிண்டில் சுமைமானியில் தெரியாது. ஸ்பிண்டிலையோ துண்டையோ 15 பாகை சாய்த்தால் செயல்படும் விட்டம் 6.5 மில்லிமீட்டராக உயர்ந்து, நுனியும் வெட்டிலிருந்து விலகிவிடும். ஐந்து அச்சு இயந்திரத்தில் இது ஒரு வரி நிரல்; மூன்று அச்சில் துண்டைச் சாய்த்துக் கட்ட வேண்டும்.

பற்களின் எண்ணிக்கையும் சாய்வும் எப்படிப் பாதிக்கின்றன?

பல் ஒன்றுக்கான ஃபீட்டை மாற்றாமல் பற்களைக் கூட்டினால் சராசரி முறுக்குவிசை அதே விகிதத்தில் கூடும். ஆனால் ஏற்ற இறக்கம் குறையும். சாய்வுக் கோணம் ஒரு பல்லின் நுழைவை ஆழம் நெடுகப் பரப்பிவிடுகிறது. இதில் அழகான ஓர் உண்மை உண்டு: ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் உள்ள அச்சுவழி இடைவெளியின் முழு மடங்காக வெட்டு ஆழம் அமைந்தால், கோட்பாட்டளவில் முறுக்குவிசை ஏற்ற இறக்கமே இல்லாமல் சமமாக இருக்கும். 20 மில்லிமீட்டர் விட்டம், 4 பல், 45 பாகை சாய்வு என்றால் அந்த ஆழம் 15.7 மில்லிமீட்டர்; 30 பாகை என்றால் 27.2 மில்லிமீட்டர். உயரமான சுவர்களை மில்லிங் செய்பவர்கள் இதைக் கணக்கில் எடுத்தால் கட்டரின் சத்தமே மாறும்.

கட்டர் மையம் விலகி ஓடினால் இந்த அழகெல்லாம் போய்விடும். இரண்டு பல் கட்டரில் டயல் மானி 0.02 மில்லிமீட்டர் விலகலைக் காட்டினால், 0.05 ஃபீட்டில் ஒரு பல் 0.07-ம் மற்றது 0.03-ம் வெட்டுகின்றன. சராசரி அப்படியே இருக்கும். உச்சம் ஒரு பல்லின் தலையில் விழும்.

ஏறு மில்லிங், எதிர் மில்லிங் இரண்டிலும் முறுக்குவிசை ஒன்றா?

சராசரி பெரிதாக மாறாது, வடிவம் மாறும். ஏறு மில்லிங்கில் (துண்டு நகரும் திசையிலேயே பல் வெட்டுவது) பல் தடிமனான சீவலோடு தொடங்கிச் சுழியத்தில் முடிகிறது, ஆகவே முறுக்குவிசை சட்டென்று ஏறி மெதுவாக இறங்கும். எதிர் மில்லிங்கில் தலைகீழ். தொடக்கத்தில் பல் சிறிது நேரம் தேய்ப்பதால் வெப்பமும் தேய்மானமும் கூடும். மேசைத் திருகில் பின்னோட்டம் (தளர்வு) உள்ள பழைய இயந்திரங்களில் ஏறு மில்லிங் மேசையை இழுத்துக்கொள்ளும், ஒரு பல்லின் ஃபீட் திடீரென இரட்டிப்பாகலாம். அவற்றில் எதிர் மில்லிங்கே பாதுகாப்பு.

சில உலோகங்கள் மட்டும் ஸ்பிண்டிலை அதிகம் திணறவைப்பது ஏன்?

அலுமினியக் கலவைகளின் தன் வெட்டுவிசை எஃகில் பாதிக்கும் குறைவு. நிக்கல் மிகைக்கலவைகளுடையது எஃகைவிடக் கணிசமாக அதிகம். டைட்டானியம்தான் பலரை ஏமாற்றுகிறது. அதன் தன் வெட்டுவிசை எஃகைவிடப் பெரிதல்ல. ஆனால் வெப்பத்தை வெளியே கடத்தாததால் நிமிடத்துக்கு 50 மீட்டர் அளவில்தான் ஓட்ட முடியும். 50 மில்லிமீட்டர் கட்டருக்கு அது 318 சுற்றுகள். அந்த வேகத்தில் மோட்டாரின் திறன் பெரும்பகுதி கிடைப்பதில்லை. டைட்டானியத்துக்கான இயந்திரங்களில் பல்சக்கரப் பெட்டியுள்ள ஸ்பிண்டில் இன்னும் விரும்பப்படுவதற்குக் காரணம் இதுவே.

கோலெட்டில் கட்டர் மெல்ல வெளியே இறங்குகிறது. இதற்கும் முறுக்குவிசைக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. வழக்கமான வலச்சாய்வுக் கட்டரில் வெட்டுவிசையின் ஒரு பகுதி கட்டரை ஹோல்டரிலிருந்து வெளியே இழுக்கிறது. முறுக்குவிசையின் ஒவ்வோர் உச்சத்திலும் தண்டு நுண்ணளவு வழுக்க, இந்த இழுப்பு அதைச் சிறிது சிறிதாகக் கீழே கொண்டுவருகிறது. மூலைக்கு மூலை பள்ளம் ஆழமாகிக்கொண்டே போனால், முதலில் தண்டில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். தண்டிலும் கோலெட்டிலும் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைப்பது பாதித் தீர்வு. ரஃபிங்குக்கு, சூடாக்கிச் செருகிக் குளிரும்போது இறுகும் ஷ்ரிங்க் ஃபிட் ஹோல்டரோ, தட்டைப் பகுதியில் திருகு இறுக்கும் ஹோல்டரோ மேலானது.

பழைய கையேட்டில் கிலோகிராம் விசை மீட்டர் என்று இருக்கிறதே?

1 கிலோகிராம் விசை மீட்டர் = 9.81 நியூட்டன் மீட்டர். பத்தால் பெருக்கினால் அவசரத்துக்குப் போதும்.

முறுக்குவிசையைக் குறைக்க வேண்டும் என்றால் முதலில் எதை மாற்றுவது?

ஆழத்தைப் பாதியாக்கினால் முறுக்குவிசையும் பாதியாகும். பல் ஒன்றுக்கான ஃபீட்டைப் பாதியாக்கினால் 40 விழுக்காடு மட்டுமே குறையும். சீவல் மெலிந்ததால் தன் வெட்டுவிசை ஏறிவிடுகிறது. 11.6 நியூட்டன் மீட்டர் 5.8 ஆகாமல் 6.9-இல் நிற்கும். உற்பத்தி இரண்டிலும் பாதியாகவே குறைகிறது. ஆகவே ஆழத்தையோ அகலத்தையோ குறைப்பதே லாபம். மழுங்கிய இன்செர்ட்டை (கழற்றி மாற்றக்கூடிய வெட்டுமுனையை) மாற்றுவதை இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டும்.

வெட்டு வேகத்தைக் குறைப்பதால் முறுக்குவிசை ஏறத்தாழ மாறாது. குறைவது திறன் மட்டுமே. இங்கே ஒரு கண்ணியும் உள்ளது. சத்தத்தைக் கேட்டுப் பதறி, ஸ்பிண்டில் ஓவர்ரைடை (நிரலில் உள்ள வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழை) 80 விழுக்காட்டுக்குத் திருப்பிவிட்டு ஃபீட் ஓவர்ரைடை 100-லேயே விட்டால், மேசை அதே நிமிட ஃபீட்டில் ஓடும். பல் ஒன்றுக்கான ஃபீட் 0.1-லிருந்து 0.125 ஆகி, முறுக்குவிசை 18 விழுக்காடு ஏறும். சத்தம் குறைந்ததுபோல் தோன்றும் அந்த நேரத்தில் கட்டரின் மேல் சுமை கூடியிருக்கும். ஸ்பிண்டில் குமிழைத் தொட்ட கை ஃபீட் குமிழையும் அதே அளவு திருப்ப வேண்டும்.